லினக்ஸில் மென்பொருள் நிறுவலும் நீக்கலும்: பேக்கேஜும் கைவழி நிறுவலும் மோதாமல் வைத்திருக்க முழுமையான வழிகாட்டி

புதிதாக லினக்ஸுக்கு வருபவர்களின் கணினியில் நான் அதிகம் பார்த்த பழுது ஒன்றுதான்: ஒரே கோப்புக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடுவது. லினக்ஸில் மென்பொருள் பேக்கேஜ் எனும் கட்டாக வரும்; அதை நிறுவி, நீக்கி, கணக்கு வைக்கும் கருவியான பேக்கேஜ் மேலாளர் தன் பதிவேட்டில் ஒன்றை எழுதி வைத்திருக்கும். நாம் அதன் மேல் கையால் இன்னொன்றைப் போட்டிருப்போம். அடுத்த அப்டேட்டில் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

அதனால் எதை நிறுவினாலும் முதலில் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்தக் கோப்புகள் யார் பொறுப்பில் இருக்கப் போகின்றன? நாளை வேண்டாம் என்றால் எப்படி நீக்குவது? இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாத வரை இன்ஸ்டால் கட்டளையில் கை வைக்காதீர்கள்.

லினக்ஸின் டெபியன், உபுண்டு வகையை அடிப்படையாக வைத்து எழுதுகிறேன். அங்கே பேக்கேஜ் மேலாளர் ஏபிடி; அதற்கு அடியில் ஒவ்வொரு பேக்கேஜையும் நிறுவிப் பதிவேடு வைப்பது டிபிகேஜி. ஃபெடோரா, ஆர்ச் வகையில் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன். கட்டளைகளும் பாதைகளும் ஒலிப்பின்படி இருக்கின்றன. டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்வேன்.

1. கை வைக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் இப்போதைய நிலையைப் பதிவு செய்யுங்கள்.

ஏபிடி-மார்க் ஷோமேனுவல் > என்-பட்டியல்

நீங்களாகக் கேட்டு நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியல் இதில் கிடைக்கும். சார்பாக, அதாவது இன்னொன்று ஓடத் தேவை என்பதால் தானே வந்தவை இதில் வராது. கணினியை மறுபடி அமைக்க நேர்ந்தால் இந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும். ஒன்றை கவனியுங்கள்: இயங்குதளம் நிறுவப்பட்டபோதே வந்த சிலவும் இதில் கலந்திருக்கும். பட்டியல் நீளமாக இருக்கிறதே என்று எதையும் நீக்கப் போகாதீர்கள்.

இரண்டாவது, ஒரு குறிப்புக் கோப்பு. கையால் நிறுவும் ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் போதும்: பெயரும் பதிப்பும், எங்கிருந்து எடுத்தது, எந்த அடைவில் (ஃபோல்டரில்) வைத்தது, நீக்கும் வழி. பேக்கேஜ் மேலாளர் இதையெல்லாம் தன் பதிவேட்டில் தானே எழுதிக்கொள்கிறது. கைவழிக்கு அந்தப் பதிவேட்டை நாம்தான் எழுத வேண்டும். இந்த வழிகாட்டியில் அதிகம் பேர் தவிர்க்கும் படி இதுதான்.

மூன்றாவது, வழக்கமான பயனர் கணக்கிலேயே வேலை செய்யுங்கள். நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் சூடோ, அது தேவைப்படும் கட்டளைக்கு மட்டும். ரூட்டாக, அதாவது நிர்வாகிக் கணக்கில், உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டால் எந்தக் கட்டளை எதை எங்கே எழுதியது என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.

2. இருக்கும் கோப்பு யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு நிரல் ஏற்கெனவே கணினியில் இருக்கிறதா, எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்று பார்க்க:

டைப் -ஏ நிரல்-பெயர்

பலர் 'விச்' கட்டளையைப் பயன்படுத்துவார்கள். அது முதலில் கிடைப்பதை மட்டும் காட்டும். 'டைப் -ஏ' எல்லாப் பிரதிகளையும், மாற்றுப்பெயர் வைத்திருந்தால் அதையும் காட்டும். இரண்டு பாதைகள் வந்தால் மேலே இருப்பதுதான் ஓடும்.

பாதை தெரிந்ததும்:

டிபிகேஜி --சர்ச் /யூஎஸ்ஆர்/பின்/நிரல்-பெயர்

ஃபெடோராவில் இது 'ஆர்பிஎம் -க்யூஎஃப்', ஆர்ச்சில் 'பேக்மேன் --க்வெரி --ஓன்ஸ்'. பதிலாக ஒரு பேக்கேஜின் பெயர் வந்தால் அது மேலாளரின் சொத்து, கையால் தொடக்கூடாது. எந்தப் பேக்கேஜும் இல்லை என்று வந்தால் அது யாரோ கையால் வைத்தது.

ஆனால் உடனே அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, அந்தப் பாதை வெறும் இணைப்பாக இருக்கலாம். 'விஐ' போன்ற நிரல்கள் /இடிசி/ஆல்டர்நேட்டிவ்ஸ் வழியாக வேறொரு கோப்புக்குப் போகும். அந்த இணைப்பு நிறுவலின்போது உருவாக்கப்படுவது என்பதால் டிபிகேஜியின் பட்டியலில் இருக்காது. 'ரீட்லிங்க் -எஃப்' கொடுத்து உண்மைக் கோப்பைக் கண்டுபிடித்து, அதைத் தேடுங்கள்.

இன்னொன்று, /பின் அடைவு இப்போது /யூஎஸ்ஆர்/பின் அடைவுக்கான இணைப்புதான். ஆனால் சற்றுப் பழைய வெளியீடுகளில் சில பேக்கேஜ்கள் பதிவேட்டில் /பின் என்றே எழுதி வைத்திருக்கும். ஷெல் (நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஒரு பாதையைச் சொல்ல, டிபிகேஜி அப்படி ஒன்றே இல்லை என்று சாதிக்கும். முன்னால் /யூஎஸ்ஆர் இல்லாமல் இன்னொரு முறை தேடுங்கள்.

அடைவுகளுக்கும் எல்லை உண்டு. /யூஎஸ்ஆர்/பின், /யூஎஸ்ஆர்/லிப் போன்றவை முழுக்கப் பேக்கேஜ் மேலாளருக்கு. /யூஎஸ்ஆர்/லோக்கல் உங்களுக்கு, அதில் பேக்கேஜ்கள் கோப்பு வைக்கக்கூடாது என்பது டெபியன் கொள்கையிலேயே உள்ள விதி. /ஓபிடி என்பது தன் எல்லாக் கோப்புகளையும் ஒரே அடைவில் கட்டி வைத்திருக்கும் மென்பொருளுக்கு. ~/.லோக்கல் உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் (~ என்பது உங்கள் வீட்டு அடைவு). இந்த எல்லையை மதித்தாலே பாதிச் சிக்கல் வராது.

3. முதலில் ரெப்போவில் தேடுங்கள்

ரெப்போ என்பது பேக்கேஜ்களை வைத்திருக்கும் இணையக் கிடங்கு.

சூடோ ஏபிடி அப்டேட்
ஏபிடி பாலிசி பேக்கேஜ்-பெயர்

'அப்டேட்' எதையும் நிறுவாது. ரெப்போவில் என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். இதைச் செய்யாமல் நிறுவப் போனால், பழைய பட்டியலில் இருக்கும் பதிப்பை ஏபிடி தேடும். சர்வரில் அது நீக்கப்பட்டிருக்கும். 404 பிழை வரும். இணையம் போய்விட்டது என்று நினைத்து ரவுட்டரை மறுபடி போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

'பாலிசி' காட்டும் விவரத்தில் மூன்றைப் படியுங்கள்: இப்போது இருப்பது எந்தப் பதிப்பு, நிறுவினால் வரப்போவது எந்தப் பதிப்பு, அது எந்த ரெப்போவிலிருந்து வருகிறது. மூன்றாவதைப் படிக்காமல் விடுவதுதான் நான்காம் படியில் சொல்லப்போகும் தொல்லைகளுக்குத் தொடக்கம்.

பதிப்பு எண் பழையதாக இருக்கிறதே என்று உடனே சோர்ஸ் (மூலநிரல்) தேடிப் போக வேண்டாம். டெபியனின் நிலையான வெளியீட்டில் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெரும்பாலும் பழைய பதிப்பிலேயே பின்னோக்கி ஒட்டிக் கொடுப்பார்கள். முதன்மைப் பதிப்பு எண் மாறாது, ஓட்டை அடைபட்டிருக்கும். உங்களுக்குத் தேவையான வசதி புதிய பதிப்பில் மட்டும்தான் இருக்கிறது என்று உறுதியானால் மட்டும் அடுத்த வழியைப் பாருங்கள்.

அந்த அடுத்த வழி, டெபியனில், புதிய பதிப்புகளை நிலையான வெளியீட்டுக்காகக் கட்டி வைத்திருக்கும் பேக்போர்ட்ஸ் ரெப்போ. அதற்கு முன்னுரிமை எண் 100. வழக்கமான ரெப்போவுக்கு 500. எனவே அதைச் சேர்த்து வைத்தாலும் தானாக எதுவும் அதிலிருந்து வராது. '-டி' என்று போட்டு பேக்போர்ட்ஸ் பெயரைக் கொடுத்துக் கேட்டால்தான் வரும். அப்படி வந்த பேக்கேஜுக்கு மட்டும் மேற்கொண்டு அப்டேட்களும் அங்கிருந்தே கிடைக்கும்.

நிறுவும் முன் '--சிமுலேட்' சேர்த்து ஓட்டிப் பாருங்கள். எதுவும் நடக்காது, என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். அதில் நீக்கப்படுபவை என்று ஒரு பட்டியல் வந்தால் நின்று படியுங்கள். ஒரு சிறிய கருவியை நிறுவப் போய் டெஸ்க்டாப்பையே இழப்பவர்கள் அந்த ஒரு வரியைப் படிக்காமல் 'ஒய்' தட்டியவர்கள்தான்.

'அப்கிரேட்' இருக்கும் எதையும் நீக்காது. 'ஃபுல்-அப்கிரேட்' தேவைப்பட்டால் நீக்கும். தினசரிக்கு முதலாவது போதும். ஆர்ச்சில் நிலைமை வேறு: பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒரே ஒரு பேக்கேஜை நிறுவக்கூடாது. அங்கே எல்லாம் ஒன்றாக நகர வேண்டும். ஒன்று மட்டும் புதிய லைப்ரரியை (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நூலகக் கோப்பை) கேட்டு வந்தால் மற்றவை உடையும்.

4. வெளி ரெப்போவைச் சேர்ப்பது

மென்பொருள் தயாரிப்பாளரே நடத்தும் ரெப்போவோ உபுண்டுவுக்காகத் தனிநபர்களும் குழுக்களும் நடத்தும் பிபிஏ ரெப்போவோ சேர்க்கும்போது, ஒரு பேக்கேஜை மட்டும் அல்ல, ஒரு புதிய நிர்வாகியையே வீட்டுக்குள் விடுகிறீர்கள். அந்த ரெப்போவிலிருந்து வரும் பேக்கேஜின் நிறுவல் ஸ்கிரிப்ட்கள் ரூட் அனுமதியோடுதான் ஓடும். நம்பிக்கை இல்லையென்றால் இந்தப் படியே வேண்டாம்.

சேர்க்கும் வரிசை இது. முதலில் கையொப்பச் சாவியை (பேக்கேஜ்கள் அந்த ரெப்போவுடையவைதான் என்று ஏபிடி சரிபார்க்க உதவுவது) இறக்கி /இடிசி/ஏபிடி/கீரிங்ஸ் அடைவில் தனிக் கோப்பாக வையுங்கள். அப்புறம் /இடிசி/ஏபிடி/சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவில் அந்த ரெப்போவுக்கென்று ஒரு கோப்பு எழுதி, அதில் 'சைன்ட்-பை' என்ற புலத்தில் அந்தச் சாவியின் பாதையைக் கொடுங்கள். கடைசியில் அப்டேட்.

பழைய குறிப்புகளில் 'ஏபிடி-கீ ஆட்' என்று இருக்கும். அந்த முறை கைவிடப்பட்டுவிட்டது. காரணம் எளிது: அப்படிச் சேர்த்த சாவியை ஏபிடி எல்லா ரெப்போவுக்கும் செல்லுபடியாக எடுத்துக்கொள்ளும். 'சைன்ட்-பை' இருந்தால் அந்தச் சாவி அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும்தான் திறக்கும்.

சாவியைக் கட்டுப்படுத்தினாலும் இன்னொரு வாசல் திறந்தே இருக்கிறது. அந்த ரெப்போவில் உங்கள் இயங்குதளப் பேக்கேஜின் பெயரிலேயே உயர்ந்த பதிப்பு எண்ணோடு ஒன்று இருந்தால், அடுத்த அப்கிரேடில் அதுதான் வரும். இதைத் தடுக்க /இடிசி/ஏபிடி/பிரிஃபரன்சஸ்.டி அடைவில் 'பின்' எனும் முன்னுரிமை விதியை எழுத வேண்டும். அந்த ரெப்போவின் எல்லாப் பேக்கேஜ்களுக்கும் முன்னுரிமை 100, உங்களுக்கு வேண்டிய பேக்கேஜுக்கு மட்டும் 500. எழுதிய பிறகு 'பாலிசி' ஓட்டி எண்கள் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிழையாக எழுதிய விதி பெரும்பாலும் எந்தக் குரலும் எழுப்பாமல் சும்மா கிடக்கும்.

டெபியனில் உபுண்டுவின் பிபிஏவைச் சேர்ப்பது, நிலையான வெளியீட்டில் சோதனை வெளியீட்டின் ரெப்போவைக் கலப்பது, இரண்டும் வேண்டாம். முதல் நாள் ஓடும். ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் சி லைப்ரரியின் பதிப்பு மாறும் நாளில் எதையும் முன்னாலும் நகர்த்த முடியாது, பின்னாலும் இழுக்க முடியாது.

5. தனி டெப் கோப்பு

டெப் என்பது டெபியன் வகைப் பேக்கேஜின் கோப்பு. அதைத் தனியாக இறக்கி நிறுவ:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் ./கோப்பு.டெப்

முன்னால் இருக்கும் புள்ளியும் சாய்கோடும் முக்கியம். அவை இல்லையென்றால் ஏபிடி அதை ரெப்போவில் உள்ள ஒரு பெயர் என்று நினைத்துத் தேடும், கிடைக்கவில்லை என்று சொல்லும். 'டிபிகேஜி' வழியாக நேரடியாக நிறுவினால் சார்புகள் வராது, பேக்கேஜ் அரைகுறையாக நிற்கும். ஏபிடி வழியாகப் போனால் சார்புகளையும் சேர்த்து இழுத்து வரும்.

கடைசியில், ஏபிடி தன் வேலைக்கு வைத்திருக்கும் '_ஏபிடி' பயனரால் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று ஒரு குறிப்பு வரலாம். உங்கள் வீட்டு அடைவுக்குள் அந்தப் பயனருக்கு அனுமதி இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. நிறுவல் முடிந்திருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

இப்படி வந்ததற்கு அப்டேட் வராது என்பதை மறக்காதீர்கள். சில டெப் கோப்புகள் நிறுவும்போதே தங்கள் ரெப்போவையும் சேர்த்துவிடும். நிறுவி முடித்ததும் சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவை ஒருமுறை எட்டிப் பாருங்கள். புதிதாக ஒன்று முளைத்திருந்தால் அதற்கு நான்காம் படியின் விதிகள் எல்லாம் பொருந்தும்.

6. ஃப்ளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ்

இவை ஏபிடிக்கு வெளியே மென்பொருளை வழங்கும் வடிவங்கள்; சார்புகளைத் தம்மோடு கொண்டு வருபவை, அல்லது தமக்கென்று தனி அடித்தளத்தில் ஓடுபவை. டெஸ்க்டாப் மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டும், ஆனால் இயங்குதளத்தைத் தொடக்கூடாது என்றால் சோர்ஸை விட இவை மேல். ஃப்ளாட்பேக்கும் ஸ்னாப்பும் தங்கள் பதிவேட்டைத் தாங்களே வைத்திருக்கும்; ஆப்இமேஜ் வெறும் கோப்பு, நீங்கள் நீக்கினால்தான் போகும், நீங்கள் மாற்றினால்தான் புதிதாகும்.

ஒரே மென்பொருளை ஏபிடியிலும் ஃப்ளாட்பேக்கிலும் வைத்துக்கொள்ளாதீர்கள். அமைப்புகள் இரண்டு இடத்தில் சேமிக்கப்படும். என் புக்மார்க் எல்லாம் எங்கே போனது என்ற கேள்விக்குப் பின்னால் இருப்பது பல முறை இதுதான்.

7. பைப், என்பிஎம், கார்கோ

நிரல் மொழிகளுக்கென்று இருக்கும் நிறுவிகளும் (பைத்தானுக்குப் பைப், ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம், ரஸ்டுக்குக் கார்கோ) பேக்கேஜ் மேலாளர்கள்தான், ஆனால் ஏபிடிக்கு அவற்றைத் தெரியாது. முன்பு 'சூடோ பைப் இன்ஸ்டால்' என்று கொடுத்தால் டெபியனில் அது /யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவுக்குள் போய் உட்காரும். பைத்தான் அதை முதலில் பார்க்கும். ஏபிடி நிறுவிய பைத்தான் கருவிகளும் அந்தப் புதிய நூலகத்தையே எடுத்து, பொருந்தாமல் விழும்.

அதனால்தான் டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் பைப் இதற்கு மறுக்கிறது. வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று ஒரு பிழை வரும். அதைத் தாண்ட ஒரு விருப்பம் இருக்கிறது. அதன் பெயரே 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்'. பெயர் சொல்வதையே செய்யும், வேண்டாம்.

நிரலாகப் பயன்படுத்துவது என்றால் 'பைப்எக்ஸ்'. ஒவ்வொரு நிரலுக்கும் தனிச் சூழல் அமைத்து, ஓடும் கோப்பை மட்டும் ~/.லோக்கல்/பின் அடைவில் இணைக்கும். உங்கள் சொந்தத் திட்டத்துக்கான நூலகம் என்றால் 'வென்வ்' எனும் தனிச் சூழல். டெபியனில் அதற்கு 'பைத்தான்3-வென்வ்' பேக்கேஜ் தேவை. இல்லாமல் முயன்றால் பாதியில் நிற்கும்.

என்பிஎம்முக்கு நிறுவும் இடத்தை ~/.லோக்கல் என்று அமைத்துவிட்டால் சூடோ தேவைப்படாது. கார்கோ எப்படியும் ~/.கார்கோ/பின் அடைவில்தான் வைக்கும். 'கார்கோ இன்ஸ்டால் --லிஸ்ட்' பட்டியலைக் காட்டும்.

~/.லோக்கல்/பின் அடைவைப் புதிதாக உருவாக்கியதும் நிரல் கிடைக்கவில்லை என்று வந்தால் கலங்க வேண்டாம். டெபியன் வகையில் .ப்ரொஃபைல் கோப்பு, உள்நுழையும்போது அந்த அடைவு இருந்தால்தான் அதைத் தேடல் பாதையில் (ஷெல் நிரல்களைத் தேடும் அடைவுகளின் பட்டியலில்) சேர்க்கும். வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். சூடோவுக்கு இந்த அடைவு எப்போதும் தெரியாது, ஏனென்றால் அது தனக்கென்று ஒரு பாதைப் பட்டியல் வைத்திருக்கிறது.

8. சோர்ஸிலிருந்து கட்டுவது

மேலே சொன்ன எதுவும் ஒத்துவராதபோதுதான், மூலநிரலை இறக்கி நாமே ஓடும் நிரலாக மாற்றும் இந்த வழி. இங்கே வரிசை மிக முக்கியம், எனவே நிதானமாகப் போவோம்.

8.1 கோப்பைச் சரிபாருங்கள்

தயாரிப்பாளர் எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) கொடுத்திருந்தால் 'எஸ்எச்ஏ256சம்' கட்டளையால் ஒப்பிடுங்கள். ஆனால் கோப்பும் எண்ணும் ஒரே இடத்தில் இருந்தால், கோப்பை மாற்றியவர் எண்ணையும் மாற்றியிருக்கலாம். அந்த எண் இறக்கத்தில் பிழையில்லை என்பதை மட்டும் காட்டும். தயாரிப்பாளரின் சாவியால் இட்ட ஜிபிஜி கையொப்பம் இருந்தால் அதையே பாருங்கள்.

இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இழுத்து நேராக 'சூடோ பேஷ்' கட்டளைக்குள், அதாவது நிர்வாகி அனுமதியோடு ஓடும் ஷெல்லுக்குள், ஊற்றச் சொல்லும் வழிமுறைகள் நிறைய உண்டு. ஸ்கிரிப்டை முதலில் கோப்பாக இறக்கிப் படித்துப் பாருங்கள். எந்த அடைவுகளில் எழுதுகிறது என்று தெரிந்துகொள்ளவாவது.

8.2 கட்டுவதற்குத் தேவையானவை

'பில்ட்-எசென்ஷியல்' பேக்கேஜ், மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலரைக் கொண்டு வரும். அது போதாது, நிரல் பயன்படுத்தும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் '-டெவ்' என்று முடியும் பேக்கேஜ் தேவை. ஃபெடோராவில் '-டெவெல்'. லைப்ரரி ஏற்கெனவே இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது என்று குழம்புவது இந்த இடத்தில்தான். ஓடுவதற்கான கோப்பு இருக்கும், கட்டுவதற்கான தலைப்புக் கோப்புகள் தனிப் பேக்கேஜில் இருக்கும்.

அதே நிரலின் பழைய பதிப்பு ரெப்போவில் இருந்தால் ஒரு குறுக்கு வழி: 'ஏபிடி பில்ட்-டெப் பேக்கேஜ்-பெயர்'. பெரும்பாலான சார்புகள் அதிலேயே வந்துவிடும். இதற்குச் சோர்ஸ் ரெப்போ இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

8.3 இடத்தை முதலிலேயே தீர்மானியுங்கள்

என் பரிந்துரை ஸ்டோ. ஒவ்வொரு நிரலையும் பதிப்போடு சேர்த்துத் தனி அடைவில் வைத்துவிட்டு, /யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவில் வெறும் இணைப்புகளை மட்டும் உருவாக்கும் கருவி இது. நீக்க வேண்டும் என்றால் இணைப்புகளை எடுத்துவிட்டு அடைவை அழித்தால் முடிந்தது.

./கான்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/ஸ்டோ/நிரல்-1.2
மேக்

முதலாவது, நிரலை எங்கே நிறுவுவது என்ற பாதையை (ப்ரிஃபிக்ஸ்) குறிக்கும்; இரண்டாவது கட்டும். இவை இரண்டையும் சூடோ இல்லாமல் ஓட்டுங்கள். மற்றவர் எழுதிய கட்டுமான ஸ்கிரிப்ட் ரூட் அனுமதியோடு ஓட எந்தத் தேவையும் இல்லை. சூடோவோடு மேக் செய்தால் அடைவு முழுக்க ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகளால் நிறைந்து, அடுத்த முறை சாதாரணமாகக் கட்டவும் முடியாமல் போகும்.

ப்ரிஃபிக்ஸை /யூஎஸ்ஆர் என்று மட்டும் வைக்காதீர்கள். பேக்கேஜ் மேலாளரின் கோப்புகள் மேல் நேரடியாக எழுதும் வழி அது. பாதையைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். பல நிரல்களில் கட்டும்போதே பாதை உள்ளே பதிந்துவிடும். கான்ஃபிகர் பிழையோடு நின்றால் திரையில் வந்த கடைசி வரியை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல் கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறங்கள். உண்மைக் காரணம் அங்கே இருக்கும்.

8.4 வெள்ளோட்டம்

மேக் இன்ஸ்டால் டெஸ்ட்டிர்=/டிஎம்பி/பார்வை

'டெஸ்ட்டிர்' மட்டும் பெரிய எழுத்துகளில். இதற்கும் சூடோ வேண்டாம். நிறுவப்பட வேண்டிய எல்லாக் கோப்புகளும் அந்தத் தற்காலிக அடைவுக்குள் போய் விழும். 'ஃபைண்ட்' கட்டளையால் பட்டியல் எடுத்து, குறிப்புக் கோப்போடு சேர்த்து வையுங்கள். ப்ரிஃபிக்ஸுக்கு வெளியே ஏதாவது போயிருந்தால், உதாரணமாக /இடிசி அடைவில், இப்போதே தெரிந்துவிடும். எல்லா மேக் கோப்புகளும் இந்த மாறியை மதிக்கும் என்று சொல்ல முடியாது. மதிக்காதது சூடோ இல்லாததால் அனுமதிப் பிழையில் நின்றுவிடும், அதுவும் நமக்கு நல்லதே.

8.5 நிறுவி இணையுங்கள்

சூடோ மேக் இன்ஸ்டால்
சிடி /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஸ்டோ
சூடோ ஸ்டோ --சிமுலேட் --வெர்போஸ் நிரல்-1.2
சூடோ ஸ்டோ நிரல்-1.2

அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் ஸ்டோ மேலெழுதாது, மறுத்துவிடும். அந்த மறுப்பைத் தொல்லையாக நினைக்காமல் இரண்டாம் படிக்குப் போய் அது யாருடைய கோப்பு என்று பாருங்கள்.

8.6 லைப்ரரியும் ஷெல்லின் ஞாபகமும்

நிறுவியதில் லைப்ரரி இருந்தால், லைப்ரரிகளின் இருப்பிடப் பட்டியலைப் புதுப்பிக்கும் 'சூடோ எல்டிகான்ஃபிக்' ஓட்டுங்கள். இல்லையென்றால் பகிர்வு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்று நிரல் நின்றுவிடும். ஃபெடோரா வகையில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் இயல்பாகத் தேடப்படாது, /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி அடைவில் ஒரு கோப்பு எழுதிச் சேர்க்க வேண்டும்.

டெபியனில் நிலைமை தலைகீழ், ஆபத்தும் அதிகம். அங்கே /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் முதலில் தேடப்படும். இயங்குதளம் பயன்படுத்தும் லைப்ரரியின் இன்னொரு பிரதியை அங்கே வைத்தால் உங்கள் நிரல் மட்டுமல்ல, கணினியில் உள்ள எல்லா நிரல்களும் அதையே எடுக்கும். மறையாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் போன்ற ஒன்றைப் புதிதாகக் கட்டி அங்கே வைத்துவிட்டு, அதைப் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் (தொலைக் கணினியில் நுழையும் நிரல்) ஏன் ஓடவில்லை என்று தேடுபவர்கள் உண்டு. லைப்ரரியைத் தனியாகக் கட்டியே தீர வேண்டும் என்றால் /ஓபிடி அடைவில் வைத்து, அந்த ஒரு நிரலை மட்டும் அதோடு கட்டுங்கள்.

புதிய பதிப்பை நிறுவியும் பழையதே ஓடினால் 'ஹேஷ் -ஆர்' கொடுங்கள். பேஷ் முன்பு கண்டுபிடித்த பாதையை ஞாபகம் வைத்திருக்கும். இது அதை மறக்கச் செய்யும்.

இன்னொன்று: நீங்கள் கையால் நிறுவியது ஏபிடிக்குத் தெரியாது. வேறொரு பேக்கேஜ் அதைச் சார்பாகக் கேட்டால் ஏபிடி தன் பிரதியையும் நிறுவும். அதோடு சண்டை போடாதீர்கள், இருந்துவிட்டுப் போகட்டும். வேறு வேறு அடைவில் இருப்பதால் மோதல் இல்லை. 'செக்இன்ஸ்டால்' கொண்டு டெப் ஆக்கினால் ஏபிடிக்குத் தெரியுமே என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும், ஆனால் அந்த டெப்பில் சார்பு விவரம் தானாக வராது. அதனால் உங்கள் நிரலுக்குத் தேவையான லைப்ரரியை 'ஆட்டோரிமூவ்' (சார்பாக வந்து இப்போது தேவையற்றுப் போனவற்றை நீக்கும் கட்டளை) எடுத்துவிட வாய்ப்பு உண்டு. எனக்கு ஸ்டோவே போதும்.

9. நீக்குவது

பேக்கேஜ் என்றால் இரண்டு வழி. 'ரிமூவ்' நிரலை நீக்கி, /இடிசி அடைவில் உள்ள அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். 'பர்ஜ்' அவற்றையும் எடுக்கும். உங்கள் வீட்டு அடைவில் உள்ள அமைப்புகளை இரண்டுமே தொடாது. அமைப்பு கெட்டுவிட்டது என்று ஒரு நிரலை நீக்கி மறுபடி நிறுவுபவர்களுக்கு அதே பழுது திரும்ப வருவது இதனால்தான்.

'டிபிகேஜி -எல்' பட்டியலில் 'ஆர்சி' என்று தொடங்கும் வரிகள் நீக்கப்பட்டு அமைப்பு மட்டும் மிஞ்சியவை. பயப்பட வேண்டியதில்லை, வேண்டாதபோது பர்ஜ் செய்யலாம்.

'ஆட்டோரிமூவ்' பட்டியலை ஒவ்வொரு முறையும் படியுங்கள். ஒரு மெட்டா பேக்கேஜை (மற்ற பேக்கேஜ்களைச் சார்பாக இழுத்து வர மட்டுமே இருப்பதை) நீக்கியிருந்தால் அதன் வழியாக வந்தவை எல்லாம் தேவையற்றவை என்று தோன்றும். வைத்திருக்க வேண்டியதை 'ஏபிடி-மார்க் மேனுவல்' கொடுத்துக் குறித்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.

ஸ்டோ வழியாக வைத்தது:

சூடோ ஸ்டோ --டெலீட் நிரல்-1.2

அதன் பிறகு அடைவை அழியுங்கள். வரிசை மாறினால் /யூஎஸ்ஆர்/லோக்கல் முழுக்க எங்கும் போகாத இணைப்புகள் தொங்கும்.

ஸ்டோ இல்லாமல் முன்பே நேரடியாக நிறுவிவிட்டீர்களா? 'மேக் அன்இன்ஸ்டால்' சில நிரல்களில் உண்டு, பலவற்றில் இல்லை. சிமேக் கருவியால் கட்டியது என்றால் கட்டிய அடைவில் இன்ஸ்டால்_மேனிஃபெஸ்ட் என்ற உரைக் கோப்பு இருக்கும், நிறுவிய ஒவ்வொரு பாதையும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். சோர்ஸ் அடைவையே அழித்துவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. அதே பதிப்பை மறுபடி இறக்கி, அதே ப்ரிஃபிக்ஸோடு கட்டி, 8.4-இல் சொன்ன மாதிரி தற்காலிக அடைவில் நிறுவுங்கள். கிடைக்கும் பட்டியல்தான் நீக்க வேண்டிய கோப்புகள். ஒவ்வொன்றையும் 'டிபிகேஜி --சர்ச்' செய்து பேக்கேஜுக்குச் சொந்தமில்லை என்று உறுதிப்படுத்திவிட்டு நீக்குங்கள்.

10. நடுவில் நின்றுவிட்டால்

பூட்டு இருக்கிறது என்று ஏபிடி சொன்னால், வேறொரு செயல் பதிவேட்டை எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது பின்னணியில் ஓடும் தானியங்கி அப்டேட். காத்திருங்கள். பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரை பரவலாக இருக்கிறது. அழித்தால் இரண்டு செயல்கள் ஒரே பதிவேட்டில் எழுதும், அப்போது பழுது உண்மையாகிவிடும்.

மின்சாரம் போய் நிறுவல் பாதியில் நின்றிருந்தால் இந்த வரிசையில்: முதலில் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', பிறகு 'சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்'. முதலாவது ஏற்கெனவே பிரிக்கப்பட்டவற்றை அமைத்து முடிக்கும். இரண்டாவது விடுபட்ட சார்புகளைக் கொண்டு வரும்.

நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் /வார்/லாக்/ஏபிடி/ஹிஸ்டரி.லாக் கோப்பைப் படியுங்கள். எந்தக் கட்டளை எதை நிறுவியது, எதை நீக்கியது என்று தேதியோடு இருக்கும். ஃபெடோராவில் 'டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ' கொடுத்து ஒரு செயலைத் திருப்பவே முயலலாம். ஏபிடியில் நெடுங்காலமாக அந்த வசதி இல்லாததால், இந்தப் பதிவைப் பார்த்துக் கையால் திருப்புவதே வழக்கம்.

மேலாளரின் கோப்பு மேல் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் 'சூடோ டிபிகேஜி --வெரிஃபை'. மாறிய கோப்புகளைக் காட்டும். அமைப்புக் கோப்புகள் அதில் வருவது இயல்பு. /யூஎஸ்ஆர்/பின் அடைவுக் கோப்பு வந்தால் அந்தப் பேக்கேஜை '--ரீஇன்ஸ்டால்' கொடுத்து மறுபடி நிறுவுங்கள்.

11. புதிய வெளியீட்டுக்கு மாறும் முன்

கைவழியும் வெளி ரெப்போவும் அதிகம் கடிப்பது இந்த நேரத்தில்தான். முதலில் எந்த ரெப்போவிலும் இல்லாத பேக்கேஜ்களைப் பட்டியலிடுங்கள்.

ஏபிடி லிஸ்ட் '~ஓ'

அந்த மேற்கோள் குறிகளோடு தட்ட வேண்டும், இல்லையென்றால் ஷெல் அலைக்குறியை வேறு மாதிரிப் புரிந்துகொள்ளக்கூடும். ஆர்ச்சில் 'பேக்மேன் --க்வெரி --ஃபாரின்'. வருபவை தனி டெப் கோப்பாக வந்தவை, அல்லது ரெப்போவை நீக்கிய பிறகு அநாதையாக நிற்பவை. இப்போதைய பயன் இல்லாதவற்றை மாறும் முன்பே நீக்குங்கள்.

'ஏபிடி-மார்க் ஷோஹோல்ட்' ஓட்டி, பதிப்பு மாறாமல் நிறுத்தி வைத்தவை (ஹோல்ட்) உண்டா என்று பாருங்கள். மறந்துபோன ஒரு ஹோல்ட், மொத்த மேம்படுத்தலையும் புரியாத பிழையோடு நிறுத்திவிடும்.

வெளி ரெப்போக்களை முடக்குங்கள். உபுண்டுவின் மேம்படுத்தும் கருவி இதைத் தானே செய்யும், ஆனால் முடிந்ததும் மறுபடி இயக்காது. அதன் பிறகு அந்த மென்பொருளுக்கு அப்டேட் நின்றுபோனதை மாதக்கணக்கில் கவனிக்காமல் இருப்பவர்கள் உண்டு. டெபியனில் எல்லாம் உங்கள் கையில். மாறிய பிறகு, புதிய வெளியீட்டுக்கு அந்த ரெப்போ ஆதரவு தருகிறதா என்று பார்த்து, வெளியீட்டின் பெயரைத் திருத்தி இயக்குங்கள்.

கடைசியாக, கையால் கட்டியவை. மாறியதும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின், /ஓபிடி இரண்டிலும் உள்ள நிரல்களுக்கு, தேவையான லைப்ரரிகள் கிடைக்கின்றனவா என்று காட்டும் 'எல்டிடி' ஓட்டிப் பாருங்கள். நீங்களே கட்டியவற்றுக்கு மட்டும்; நம்பகமில்லாத கோப்பில் எல்டிடி ஓட்டுவது பாதுகாப்பல்ல, சில நேரம் அது அந்த நிரலையே இயக்கிவிடும். ஏதாவது லைப்ரரிக்கு எதிரே 'நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் அந்த நிரலை மறுபடி கட்ட வேண்டும். பைப்எக்ஸ் நிரல்களும் பைத்தான் பதிப்பு மாறியதும் நின்றிருக்கும். 'பைப்எக்ஸ் ரீஇன்ஸ்டால்-ஆல்' ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் எழுப்பிவிடும். சொந்த வென்வ் சூழல்களைச் சரிசெய்ய முயல வேண்டாம், அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவது விரைவு.